கழுவிய ஏசியில் பூஞ்சணம் ஏன் திரும்ப வருகிறது?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: தக்கலை பக்கம் காங்கிரீட் வீடு, 10க்கு 12 அடி படுக்கையறை, மேற்குச் சுவரில் மாட்டிய 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி. வாங்கி மூன்று வருடம். போட்டதும் ஈரத்துணி வாடை, காற்று வரும் வாயில் கறுப்புப் புள்ளிகள், சின்ன மகளுக்குக் காலையில் தும்மல். ஆறு மாதத்தில் இரண்டு சர்வீஸ் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மாதத்தில் வாடை திரும்பிவிட்டது. கடைசியாக வந்த மெக்கானிக் "மெஷினையே மாத்திருங்க" என்கிறார். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். புதிதாக ஒன்றை அதே சுவரில் மாட்டி அதே மாதிரி ஓட்டினால், அடுத்த ஆடிக்குள் அதற்கும் இதே கதிதான். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று இருபது வருடத்துக்கு மேலாக ஏசி வேலை பார்க்கிறேன். பூஞ்சணம் என்று கூப்பிட்டுப் போன வீடுகளில் மெஷின் கோளாறு என்று சொல்லக்கூடியது மிகக் குறைவு. கழுவுகிறார்கள், உலர்த்துவதில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த 'உலர்த்துவது' என்பதற்குள் நிறைய இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலூரிலும் திருச்சியிலும் ஏசிக்கு முக்கிய வேலை வெயிலோடு. நம் குமரி மாவட்டத்தில் அதற்குத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் குளமும் வயலும் ரப்பர் தோட்டமும். சித்திரையில் மொறுமொறுவென்று காய்ந்த பப்படமும் கருவாடும் ஆனி பிறந்ததும் பூத்துப்போகிற ஊர் இது. ஏசிக்குள் மட்டும் பூக்காமல் இருக்குமா?

சுங்கான்கடை பக்கம் ஒரு வீட்டில் ஒரு மழைக்காலத்தில் ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பின் கீழே பத்து லிட்டர் பக்கெட்டை வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ராத்திரி பத்து மணிக்கு வைத்தது, காலை ஆறு மணிக்கு முக்கால் பக்கெட் நிறைந்திருந்தது. வீட்டுக்காரர் நம்பவில்லை. "மழைத்தண்ணி விழுந்திருக்கும்" என்றார். மறுநாள் பக்கெட்டின் வாயைப் பாலிதீன் தாளால் கட்டி, பைப்பை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார். அதே முக்கால் பக்கெட். அந்தத் தண்ணீர் முழுக்க ராத்திரி அவர் படுத்திருந்த அறையின் காற்றில் இருந்தது. அதில் பெரும்பகுதி ஜன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்று 24, 25 டிகிரி வரைக்கும் குளிர்ந்தாலே தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். பள்ளியில் பனிநிலை என்று படித்தோமே, அதுதான். இன்டோர் யூனிட்டுக்குள் குளிர்ந்து கிடக்கும் குழாய்த் தொகுப்பான காயிலோ பத்து டிகிரியை ஒட்டி இருக்கிறது. காற்று அதன் வழியாகப் போகும்போது தண்ணீர் பொலபொலவென்று இறங்கி டிரேயில் விழுந்து பைப் வழியாக வெளியே போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை குளிர் இருப்பதால் பூஞ்சணம் மெதுவாகத்தான் வளரும். காலையில் ரிமோட்டை அமுக்கி நிறுத்துகிறோம் பாருங்கள், அப்போதுதான் அதற்குக் கொண்டாட்டம். காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளான ஃபின்களுக்கு இடையிலும் டிரேயின் மூலையிலும் ஒரு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். காற்று வரும் வாயை மூடிக்கொண்ட ஸ்விங் பிளேடு, அசையாத காற்று, மெல்ல ஏறும் சூடு. தின்பதற்குப் போர்வைப் பஞ்சும் நம் உடம்பிலிருந்து உதிர்ந்த தோல் துகளும். ஊதுவத்திப் புகையின் பிசுக்கு அதையெல்லாம் நன்றாக ஒட்டிவைத்திருக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடிய ஏசி, மிச்சம் பதினாறு மணி நேரமும் ஈரப் பெட்டியாகத் தொங்குகிறது.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று மூக்கைக் கேளுங்கள். போட்ட முதல் ஐந்து பத்து நிமிடம் ஈரத்துணி வாடை வந்து அப்புறம் அடங்கினால் காரணம் காயிலும், காற்றைத் தள்ளும் உருளையான ப்ளோயரும். சாக்கடை வாடை என்றால் டிரெயின் பைப்பைக் குளியலறைக் கழிவுக் குழாயோடு இணைத்திருப்பார்கள். அதைப் பிரித்து வெளியே தனியாக விட வேண்டும், எவ்வளவு கழுவினாலும் அது போகாது. ஏசியைப் போடாத பகலிலும் அறைக்குள் நுழைந்ததும் மண்வாடை அடித்தால் ஏசியைத் திட்டாதீர்கள். அது சுவரிலோ பீரோவின் முதுகிலோ மெத்தையின் அடியிலோ இருக்கிறது. உங்களுக்கு முதல் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றாவதும் இருக்குமோ என்று சந்தேகம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது ஏசிக்கான மின் சுவிட்சை (எம்சிபி) ஆஃப் செய்துவிட்டு ஒரு ஸ்டூலில் ஏறுங்கள். ஸ்விங் பிளேடைக் கையால் மெதுவாகக் கீழே இறக்கி, செல்போன் டார்ச்சை உள்ளே அடியுங்கள். நீளமான ஒரு உருளை தெரியும். அதுதான் ப்ளோயர். அதில் சின்னச் சின்ன இறக்கைகள் வரிசையாக இருக்கும். அவற்றின் உள்வளைவைப் பாருங்கள். புதிதில் அது வழுவழுப்பான பிளாஸ்டிக். உங்கள் வீட்டில் அநேகமாகக் கறுப்பும் சாம்பலும் கலந்த கம்பளி மாதிரி ஒன்று அப்பியிருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் சுரண்டினால் ஈரத் திருநீறு போலக் கட்டியாக உதிரும். ஒவ்வொரு இறக்கையிலும் இப்படி ஒரு படிவு உட்கார்ந்தால் காற்றை அள்ளும் குழி தூர்ந்துபோகும். "ஏசி முன்ன மாதிரி காத்து தரல்ல" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். அவர்களிடம் கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்குகிற ஆட்களும் உண்டு. கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. ஓட்டை இல்லாமல் அது குறையாது.

ஒன்றரை மாதத்தில் வாடை திரும்புவதற்கு முதல் காரணம் இந்த ப்ளோயர்தான். வழக்கமான சர்வீஸில் முன்கவரைத் திறந்து, அடியில் ரெக்சின் கவரைக் கட்டி, ஜெட் பம்பால் காயிலின் முன்பக்கத்தில் அடித்துவிட்டுப் போகிறார்கள். இருபது நிமிட வேலை. காயிலின் முகம் பளிச்சென்று ஆகிவிடும். அதன் பின்னால் இருக்கும் ப்ளோயரில் தண்ணீர் பட்டும் படாமலும் தெறித்திருக்கும். படிவு நனைந்து ஊறுமே தவிர போகாது. இன்னும் பின்னால், காயிலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டாவது வாய்க்கால் ஒன்று உண்டு. பின்பக்கக் காயிலின் தண்ணீர் அதில்தான் இறங்கும். அதைப் பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே அடுத்த தடவை ஆளைக் கூப்பிடும்போது "ப்ளோயரைக் கழற்றிக் கழுவித் தருவீர்களா?" என்று போனிலேயே கேளுங்கள். மோட்டார் பக்கம் ஒரு ஸ்க்ரூவை லூசாக்கி, காயிலைக் கொஞ்சம் தூக்கினால் பல மாடல்களில் உருளை வெளியே வந்துவிடும். இரண்டு மணி நேரம் பிடிக்கும், கூலியும் கூடுதல் கேட்பார்கள், அது நியாயம்தான். துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கரைத்த தண்ணீரில் உருளையை அரை மணி நேரம் ஊறப்போட்டு, மென்மையான பிரஷால் ஒவ்வொரு இறக்கையாகத் தேய்க்க வேண்டும். இறக்கை ஒன்று உடைந்தாலும் தடதடவென்று அதிரும், அதனால் அவசரப்படக் கூடாது. கழுவியதும் நிழலில் நன்றாக உலரவிட்டு மாட்ட வேண்டும். எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றி வைத்துவிட்டோ இறுக்கமாக மூடிவிட்டோதான் தண்ணீர் அடிக்க வேண்டும். இந்தக் கழற்று வேலையை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். ஃபில்டரைக் கழுவுவதும் ஸ்விங் பிளேடைத் துடைப்பதும் உங்கள் பங்கு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள், ஈரத்தோடு திரும்ப மாட்டாதீர்கள். அவசரத்தில் சொட்டச் சொட்ட மாட்டுகிறவர்கள் நிறைய.

என்ன ஊற்றிக் கழுவுவது என்பதில் எனக்குக் கசப்பான அனுபவம் ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் குளச்சலில் கடலோர வீடு ஒன்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் காயிலில் அடித்தேன். கறுப்பு மாயமாக மறைந்தது. வீட்டம்மா பாராட்டிச் சாயா தந்தார்கள். நாலு மாதத்தில் ஃபின்கள் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பித்தன, அப்புறம் கேஸ் கசிந்தது. ஏற்கெனவே உப்புக்காற்று தின்றுகொண்டிருந்த அலுமினியத்துக்கு நான் குளோரினையும் ஊட்டிவிட்டேன். புதுக் காயிலுக்கு என் கைப்பணம் போனது. அன்றிலிருந்து காயிலில் பிளீச் தொடுவதில்லை. ஆசிட் கலந்த கிளீனரும் அதே ரகம். காயிலுக்கென்றே விற்கும், காரமோ அமிலமோ இல்லாத நுரை கிளீனர் போதும். அதையும் நல்ல தண்ணீர் விட்டு முழுக்க அலச வேண்டும். அலசத் தேவையில்லை என்று டப்பாவில் போட்டிருந்தாலும் நான் அலசுவேன். தங்கிப்போகும் பிசுக்கில் அடுத்த தூசி ஒட்டும். இன்னொன்று, பிளீச்சோடு வினிகரையோ ஆசிடையோ ஒருபோதும் கலக்காதீர்கள். வருவது விஷவாயு. மூடிய அறையில் அது விளையாட்டு இல்லை.

டிரெயின் பைப்பைப் பற்றிச் சுருக்கமாக: முழு நீளத்துக்கும் கீழ்நோக்கிச் சரிவு வேண்டும், நடுவில் தொங்கி வளைந்த இடத்தில் கொழகொழவென்று பாசி பிடிக்கும். நுனி பக்கெட் தண்ணீரிலோ மண்ணிலோ முங்கக் கூடாது. எறும்பும் பல்லியும் ஏறாமல் இருக்க நுனியில் ஒரு துண்டு கொசுவலை கட்டலாம், ஆனால் மாதம் ஒரு தடவை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

இனி ஓட்டும் முறை. நீங்கள் 20 டிகிரியில் வைத்து, காலை ஐந்தரைக்கு நிறுத்தி, உடனே ஜன்னலைத் திறந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல காற்று வரட்டும் என்ற எண்ணம் சரிதான். ஆனால் கண்ணாடி போட்டவர்கள் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் என்ன ஆகிறது? கண்ணாடி மூடிப்போகிறது. ஜன்னலைத் திறந்த நிமிடத்தில் உங்கள் அறையின் சுவர், பீரோ, மெத்தை எல்லாவற்றுக்கும் அதேதான் நடக்கிறது. 20 டிகிரியில் குளிர்ந்துகிடக்கும் பொருள்களின் மேல் 25 டிகிரியிலேயே தண்ணீர் விடக்கூடிய மழைக்காலக் காற்று வந்து படிகிறது. கண்ணாடியைத் துடைக்கிறோம், பீரோவின் முதுகை யார் துடைப்பது?

இப்படிச் செய்து பாருங்கள். 25 அல்லது 26-இல் வையுங்கள், சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும். அப்போது அறைப் பொருள்கள் பனிநிலைக்குக் கீழே போகாது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையோடு விற்கும் அறை ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அது மின்சாரத்துக்காகப் போட்டது, நமக்குப் பூஞ்சணத்துக்கும் உதவுகிறது. ஏசியை நிறுத்துவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்னதாக ரிமோட்டில் ஃபேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். கம்ப்ரசர் நின்று வெறும் காற்று ஓடும், காயிலும் ப்ளோயரும் உலரும். அந்த ஈரம் அறைக்குள்தான் வரும். பரவாயில்லை, ஒரு டம்ளர் தண்ணீர்தானே. அறையும் அதற்குள் சூடேறியிருக்கும். அப்புறம் ஜன்னலைத் திறங்கள். உங்கள் ரிமோட்டில் ஆட்டோ கிளீன் என்று ஒரு பட்டன் இருந்தால் பல மாடல்களில் அது செய்வது இந்த உலர்த்தல்தான். காயிலில் பனி கட்டவைத்து உருக்கிக் கழுவும் வகையும் உண்டு. அதனாலும் ப்ளோயர் படிவு போகாது.

இந்த ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்தவர்கள் வீடுகளில் எனக்கு வேலையே குறைந்துவிட்டது. தொழிலுக்கு நஷ்டம், என்ன செய்ய.

உங்கள் அறைக்கு 1.5 டன் பெரிது. 120 சதுர அடிக்கு, அதுவும் நம் ஊர் வெயிலுக்கு, மேலே இன்னொரு மாடி இருந்தால் ஒரு டன் தாராளம். கடைக்காரர் "பெருசா எடுத்தா சீக்கிரம் குளிரும்" என்று சொல்லியிருப்பார், அது உண்மைதான், அதுதான் தொல்லையும். பெரிய மெஷின் பத்து நிமிடத்தில் வெப்பத்தை இறக்கிவிட்டுக் கம்ப்ரசரை அடக்கிக்கொள்ளும். தண்ணீரைப் பிழிய நேரம் போதாது. அறை சில்லென்று இருக்கும், ஆனால் போர்வை பிசுபிசுக்கும். ஆனி ஆடி ராத்திரிகளில் வெளியிலேயே 25 டிகிரி இருக்கும்போது இது இன்னும் மோசம். அந்த நாட்களில் டிரை மோடைப் பயன்படுத்துங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றும், காயில் நன்றாகக் குளிர்ந்து தண்ணீரை இறக்கும். இல்லையென்றால் ஏசியே வேண்டாம், சீலிங் ஃபேன் போதும் என்று இருந்துவிடுங்கள். ஆன்லைனில் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நிம்மதியாக இருக்கலாம். 70-ஐத் தாண்டியே கிடந்தால் நான் சொன்னதில் ஏதோ ஒன்று நடக்கவில்லை என்று அர்த்தம்.

சந்தேகம் என்று சொன்னேனே, அது இதுதான். மழை நேரத்தில் துணியை அந்த அறையிலேயே கொடியில் காயப்போடுவதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாளித் துணி உலர்ந்தால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் காற்றில் ஏறும். துணியை வேறு அறைக்கு மாற்றுங்கள். குளித்துவிட்டு வந்ததும் அட்டாச்டு பாத்ரூம் கதவை மூடி, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

அடுத்தது அந்த மேற்குச் சுவர். தென்மேற்கு மழை நேராக அறைவது அதில்தான். மழை தின்ற சுவரில், உள்ளே ஏசி குளிர்விக்கும் இடத்தில், பீரோவை ஒட்டிப் போட்டிருந்தால் முதுகில் பச்சையும் கறுப்பும் இல்லாமல் இருக்காது. நாலு விரல் இடைவெளி விட்டுத் தள்ளிப் போடுங்கள். அப்புறம், குழாய்கள் வெளியே போகும் ஓட்டையைப் பாருங்கள். மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் மூன்று மெக்கானிக் வந்தும் தீராத வாடை. வயதான அம்மா என்னைப் பார்த்ததும், "மக்களே, கழுவினதுதானே, பின்ன எப்படி வருது?" என்றார்கள். இன்டோர் யூனிட்டைச் சுவரிலிருந்து தூக்கினேன். பின்னால் இரண்டரை அங்குல ஓட்டை, உள்ளே மூன்று குழாய்கள், மிச்ச இடமெல்லாம் வெறும் வானம். மாட்டிய அன்று யாரோ அடைக்க மறந்திருக்கிறார்கள். மழைக்காற்று நேராகக் குளிர்ந்த முதுகில் அடித்து, பின்தகடு முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், சுவரில் கறுப்பு வட்டம். கொஞ்சம் புட்டி வைத்து அடைத்தேன், குழாயில் கிழிந்திருந்த கறுப்பு ஸ்பாஞ்சை மாற்றினேன், ப்ளோயரைக் கழுவினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வருடாந்தரச் சர்வீஸுக்குத்தான் போகிறேன். உங்கள் யூனிட்டைச் சுற்றிச் சுவரில் கறுப்பு நிழல் மாதிரி ஏதாவது தெரிகிறதா பாருங்கள்.

மகளின் தும்மல் பற்றி நான் டாக்டர் இல்லை. பூஞ்சண வித்துகள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், ஆஸ்துமா இருந்தால் இழுப்பைக் கூட்டும். மெத்தைத் தூசிக்கும் அதே தும்மல் வரும். கறுப்பாக இருந்தாலே கொடிய வகை என்று பயப்படவும் வேண்டாம். வீடுகளில் சாதாரணமாக வரும் பூஞ்சணங்களில் பலவும் கறுப்புத்தான். என்ன இனம் என்று சோதிக்கப் பணம் செலவழிப்பதைவிட அதை எடுத்துவிடுவதே மேல். மூச்சு இழுக்கிறது, ராத்திரி இருமல் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். ப்ளோயரைக் கழற்றும் அன்று மகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். கட்டிலையும் மூடிவையுங்கள், படிவு பறக்கும்.

புற ஊதா (யூவி) விளக்கு, ஓசோன் பெட்டி, காயிலின் முன்னால் ஒட்டும் வாசனைத் தாள் என்று விற்கிறார்கள். ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது, வாங்காதீர்கள். புற ஊதா விளக்கு பெரிய கட்டடங்களின் ஏசியில் உதவும்; உங்கள் யூனிட்டுக்கு அது வேண்டாம், அந்தப் பணத்துக்கு இரண்டு தடவை ப்ளோயர் கழுவலாம். ஃபில்டருக்கு மேல் கனமான துணியையோ தாளையோ ஒட்டினால் காற்று தடைப்பட்டுக் காயிலில் ஐஸ் கட்டும்.

இந்த வாரம் முதலில் கொடியை அறையிலிருந்து அவிழ்த்துவிடுங்கள், ஓட்டைக்குப் புட்டி வையுங்கள், இன்று ராத்திரியிலிருந்தே ஃபேன் மோட் பழக்கத்தைத் தொடங்குங்கள். மூன்றுக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகாது. அப்புறம் ப்ளோயரைக் கழற்றத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். அவர் மாட்டிவிட்டுக் கிளம்பும் முன் நீங்களே ஸ்டூலில் ஏறி, டார்ச் அடித்து, இறக்கையின் உள்வளைவில் பிளாஸ்டிக்கின் நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.